மவுஸைக் கவிழ்த்துவைத்து ஒரு நோட்டீஸ்: மாற்றுத்திறனாளிகளுக்கு எந்த டிசைன் மென்பொருள் கைகொடுக்கும்?

ஆடி மாதத்திலிருந்து மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டிசைன் வேலைக்கு எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது, எதற்குக் காசு போடுவது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கேட்கும் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தமிழ் எம்.ஏ. முடித்தவர். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு வேர்டு, எக்செல், மின்னஞ்சல் எல்லாம் மளமளவென்று செய்வார். வீட்டிலிருந்தே நோட்டீஸ், அழைப்பிதழ் வேலை எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கடலூர் முதுநகர்த் தம்பி, படகு இன்ஜின் பட்டறையில் வலது கை விரல்கள் மூன்றை இழந்தவர். நெல்லிக்குப்பம் அண்ணன் இருபது வருடமாக டி.டி.பி. (கணினியில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும்) கடை நடத்துகிறார். சர்க்கரை நோயில் விழித்திரை பாதித்து, திரையில் இருக்கும் ஐகான்கள் இப்போது அவருக்குப் பொட்டுப் பொட்டாகத்தான் தெரிகின்றன.

இந்த மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேரை ஏமாற்றியவன் ஆவேன். திருப்பாதிரிப்புலியூரில் எனக்கும் ஒரு டி.டி.பி. சென்டர் இருக்கிறது, மாலையில் வகுப்பும் எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து, ஏழு மாதம் மவுஸைத் தொட முடியாமல் இருந்தேன். அதுவரை நான் நல்ல மென்பொருள் என்று சொல்லிக்கொண்டிருந்தவற்றை அந்த ஏழு மாதத்தில்தான் உண்மையாகத் தெரிந்துகொண்டேன். இப்போது எதைச் சோதித்தாலும் மவுஸை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரே வேலையைச் செய்து பார்ப்பேன். ஏ5 அளவில் ஒரு பிட் நோட்டீஸ்: மேலே தலைப்பு, நடுவில் மூன்று வரி, ஒரு படம், கீழே ஒரு கட்டத்துக்குள் முகவரியும் போன் நம்பரும். கடைசியில் பி.டி.எஃப்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், கீபோர்டும் எண்ணும். ஒரு கட்டத்தை இழுத்துத்தான் நகர்த்த முடியுமா, அல்லது 'இடதிலிருந்து 10 மி.மீ., மேலிருந்து 150 மி.மீ.' என்று எழுதியும் நகர்த்த முடியுமா?

இரண்டாவது, திரைவாசிப்பான். மெனுவைப் படித்தால் மட்டும் போதாது. பக்கத்தின் மேல் என்ன இருக்கிறது, எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்பதையும் அது சொல்ல வேண்டும். மென்பொருள் விற்பவர்கள் 'திரைவாசிப்பான் வேலை செய்யும்' என்று சொன்னால், இந்த இரண்டில் எது என்று கேளுங்கள்.

மூன்றாவது, பெரிதாக்குதல். பக்கத்தை எல்லா மென்பொருளிலும் பெரிதாக்கலாம். கருவிப்பட்டையும் பேனல்களும் பெரிதாகின்றனவா என்பதுதான் கேள்வி.

பிறகு தமிழ் யூனிகோடு (எல்லாக் கணினியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் எழுத்து முறை), அச்சகம் ஏற்குமா என்பது, செலவு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உள்ளடக்கம் தயாரிக்கும் கருவிகளுக்கென்றே 2015-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் இரண்டு பாகம். கருவியை மாற்றுத்திறனாளி பயன்படுத்த முடிய வேண்டும் என்பது ஒன்று. அந்தக் கருவியால் உருவாகும் பொருளையும் மாற்றுத்திறனாளி படிக்க முடிய வேண்டும் என்பது மற்றொன்று. நம் ஊர்க் கடைகளில் இரண்டாவதை யாரும் நினைப்பதே இல்லை. கடைசியில் அதற்கு வருகிறேன்.

எதை வாங்கும் முன்னும் விண்டோஸிலேயே காசில்லாமல் இருப்பவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ். இரண்டு மூன்று விசைகளை ஒன்றாகப் பிடிக்க முடியாதவர்கள் ஒவ்வொன்றாக அழுத்தலாம். மவுஸ் கீஸை இயக்கினால் நம்பர் பேடே மவுஸாகிவிடும்: 5 கிளிக், 0 அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், புள்ளியை அழுத்தினால் விட்டுவிடும். விண்டோஸ் 11-இன் குரல் கட்டளை வசதியில் 'ஷோ கிரிட்' என்றால் திரை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரியும். கட்டளையைத் தமிழில் சொல்ல முடியாது, ஆங்கிலத்தில் சொல்லலாம். என்.வி.டி.ஏ.வும் இலவசம். அதற்குத் தமிழ் இடைமுகம் உண்டு, விண்டோஸின் 'வள்ளுவர்' தமிழ்க்குரலையும் அது எடுத்துக்கொள்ளும்.

## கோரல்டிரா

லாரன்ஸ் ரோட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இதுதான் திறந்திருக்கும். கை சரியில்லாதவர்களுக்கு இது எவ்வளவு தோதானது என்பதை என் மணிக்கட்டு உடையும்வரை நானே கவனித்ததில்லை.

டேப் விசையைத் தட்டினால் பக்கத்தில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகத் தேர்வாகும். அம்புக்குறி நகர்த்தும், அதோடு கண்ட்ரோல் பிடித்தால் நூலளவு நகரும், ஷிஃப்ட் பிடித்தால் தாவும். அலைன்மென்ட்டுக்கு ஒற்றை எழுத்து போதும்: எல் இடம், ஆர் வலம், டி மேல், பி கீழ். ஆங்கில 'பீ'யை (பேப்பருக்கு எழுதும் எழுத்து) தட்டினால் பக்கத்தின் நடுவில் போய் உட்காரும். கண்ட்ரோலும் என்டரும் சேர்ந்தால் மேலே உள்ள அளவுப் பட்டைக்குள் கர்சர் போய்விடும். அகலம், உயரம், இடம் எல்லாம் எண்ணாகவே அடிக்கலாம். கட்டம் வரைய மட்டும் இழுத்தாக வேண்டும். அதை நான் எஃப்6 தட்டிக் கட்டக் கருவியை எடுத்து, மவுஸ் கீஸ் வழியாக நம்பர் பேடில் 0, 6, 3, புள்ளி என்று போய் வரைந்தேன். முதல் நாள் ஒரு நோட்டீஸுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மாதம் முடிவதற்குள் முக்கால் மணி நேரத்துக்கு வந்துவிட்டது. தினமும் ஒரே மாதிரி பில் புக் போடுகிறவர்கள் மேக்ரோ (வேலை வரிசையைத் தானே செய்யும் கட்டளைத் தொகுப்பு) எழுதி வைத்துக்கொண்டால் இதிலும் பாதி குறையும்.

மறைவான செலவு இங்கேதான். லேப்டாப் பலவற்றில் நம்பர் பேடு இருக்காது. தனியாக வாங்க வேண்டும். அடுத்தது பழைய பதிப்பு. நம் பக்கத்துக் கடைகளில் இன்னும் மிகப் பழைய பதிப்புகளை ஓட்டுகிறார்கள், பல இடங்களில் உரிமம் இல்லாமலே. புதிய, நெருக்கமான திரைகளில் அவற்றின் ஐகான்கள் கடுகளவு ஆகிவிடும். ஐகான் அளவையும் இடைமுகத்தையும் பெரிதாக்கும் அமைப்பு புதிய பதிப்புகளில்தான் உண்டு. நெல்லிக்குப்பம் அண்ணனின் கஷ்டத்தில் பாதி அவர் கண்ணால் வந்தது, மீதி அந்தப் பழைய பதிப்பால் வந்தது. மாதக்கணக்கில் அவர் தலையைத் திரைக்கு நான்கு விரல் தூரத்தில் வைத்து வேலை பார்த்திருக்கிறார்.

முழுப் பார்வையிழப்பு உள்ளவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். மெனு படிக்கும், பக்கம் பேசாது. டேப் தட்டிப் பொருள் மாறினாலும் காதில் ஒன்றும் விழாது.

## போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன்

மூன்றிலும் விசைச்சுருக்கங்களை முழுக்க நம் இஷ்டத்துக்கு மாற்றி அமைக்கலாம். இடது கை மட்டும் உள்ளவர் எல்லாவற்றையும் கீபோர்டின் இடப்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட முடியும். போட்டோஷாப்பில் ஒரு வேலை வரிசையை ஆக்‌ஷனாகப் பதிந்து ஒரே எஃப் விசையில் வைக்கலாம். பாஸ்போர்ட் போட்டோ வேலைக்கு இது பெரிய வரம்: வெட்டு, அளவு, எட்டுப் படமாக அடுக்கு என்பதெல்லாம் ஒரே தட்டலில் முடியும். இடைமுக எழுத்தைப் பெரிதாக்கவும், பின்னணியை வெளிர் சாம்பலிலிருந்து அடர் கறுப்புவரை மாற்றவும் வழி உண்டு. வெளிச்சம் கூசுகிற கண்ணுக்கு அடர் நிறமே நிம்மதி.

ஆனால் இல்லஸ்ட்ரேட்டரில் டேப் தட்டினால் அடுத்த பொருளுக்குப் போகாது, பேனல்கள் மறைந்துவிடும். கோரலில் பழகிய கைக்கு இது தினம் பத்து முறை இடறும். அடுத்த பொருளுக்குப் போக மூன்று விசை சேர்ந்த சுருக்கம் வேண்டும். அதை ஒற்றை விசைக்கு மாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. திரைவாசிப்பானுக்கு இங்கேயும் பக்கம் ஊமைதான். ஒவ்வொரு மென்பொருளும் எந்த அளவு அணுகத்தக்கது என்று அடோபி நிறுவனமே அறிக்கை வெளியிடுகிறது. சந்தா கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இன்டிசைனின் உண்மையான பலம் வெளியே வரும் பொருளில் இருக்கிறது. படத்துக்கு மாற்றுரை (படத்தில் என்ன இருக்கிறது என்று திரைவாசிப்பான் படிக்கும் குறிப்பு) எழுதலாம், வாசிப்பு வரிசையை அமைக்கலாம், எது தலைப்பு, எது பத்தி என்று திரைவாசிப்பானுக்குக் காட்டும் டேக் இட்ட பி.டி.எஃப். எடுக்கலாம். பள்ளிப் புத்தகம், அரசு அறிக்கை போன்ற வேலை கிடைப்பவர்களுக்கு இதுதான் சரி. தமிழுக்கு 'வேர்ல்டு ரெடி' கம்போசர் என்ற எழுத்துக்கோக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். மாதச் சந்தாவும், கனமான கணினியும் இதற்கான விலை.

## இங்க்ஸ்கேப்

இலவசம், திறந்த மூலம், கீபோர்டுக்கு மிக இணக்கம். சுழற்ற ஒரு விசை, பெரிதாக்க ஒரு விசை, டேப்பில் பொருள் மாறும், விசைகளை மாற்றியமைக்கலாம், ஐகானைப் பெரிதாக்கலாம். நிறக்குருடு உள்ளவருக்கு நம் டிசைன் எப்படித் தெரியும் என்று காட்டும் வடிகட்டியும் இருக்கிறது. (போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே சோதனை உண்டு. சிவப்பில் பச்சை எழுத்துப் போட்டுக் காதணி விழா பேனர் அடிப்பவர்கள் ஒரு முறையாவது இதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.)

விண்டோஸில் என்.வி.டி.ஏ.வோடு திறந்தால், சாளரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அநேகமாக மௌனமாகிவிடும். அதன் அடியில் இருக்கும் ஜி.டி.கே.3 என்ற இடைமுக நூலகம் விண்டோஸ் திரைவாசிப்பான்களோடு பேசாததே காரணம். லினக்ஸில் ஆர்க்கா என்ற திரைவாசிப்பான் மெனுக்களையும் பெட்டிகளையும் படிக்கும். லினக்ஸுக்கு மாறுவது என்றால் அது வேறொரு ஆறுமாதப் படிப்பு. அதையும் செலவில் சேருங்கள். ஆஃப்செட் அச்சகம் சி.எம்.ஒய்.கே. (அச்சு மையின் நான்கு நிறங்கள்) கேட்கும், இது ஆர்.ஜி.பி.யில்தான் (திரையின் மூன்று நிறங்கள்) பி.டி.எஃப். தரும். ஃபிளெக்ஸுக்கும் டிஜிட்டல் பிரின்ட்டுக்கும் சமாளிக்கலாம். நான்கு பிளேட் போடும் வேலைக்கு இலவசத்திலேயே தேடினால் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பாருங்கள்.

## பவர்பாயின்ட்

'அது டிசைன் மென்பொருளா' என்று அச்சகத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். பார்வையில்லாத ஒருவர் பக்கத்தின் மேல் ஒரு பொருளை வைத்து, அது எங்கே இருக்கிறது என்று காதால் தெரிந்துகொள்ள, நான் சோதித்தவற்றில் இதற்கு இணை எதுவும் இல்லை.

ஸ்லைடு அளவை 148-க்கு 210 மி.மீ. என்று எழுதினால் ஏ5 நோட்டீஸ் தயார். வடிவங்கள் பட்டியலில் கட்டத்தைத் தேர்ந்து கண்ட்ரோல் என்டர் தட்டினால், இழுக்காமலே கட்டம் வந்துவிடும். அகலம், உயரம், இடம் எல்லாவற்றையும் எண்ணாக அடிக்கலாம். டேப் தட்டினால் எந்தப் பொருள் என்று என்.வி.டி.ஏ. சொல்கிறது. அதைவிட முக்கியம்: ஒரு பொருள் இன்னொன்றின் மேல் ஏறினால் எந்தப் பக்கம் எத்தனை புள்ளி (பாயின்ட் என்ற அச்சு அளவு) ஏறியிருக்கிறது என்றும், ஸ்லைடுக்கு வெளியே போனால் எவ்வளவு வெளியே என்றும் சொல்கிறது.

முத்தியால்பேட்டைத் தங்கையை ஒரு சனிக்கிழமை வரச்சொல்லி இதைத் திறந்து கொடுத்தேன். படத்தை அம்புக்குறியால் கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். முகவரிக் கட்டத்தை 12 புள்ளி மறைக்கிறது என்று குரல் வந்தது. மேலே இரண்டு தட்டு. அப்போதும் கொஞ்சம் மறைக்கிறது. இன்னும் ஒன்று. குரல் நின்றுவிட்டது. 'அண்ணா, இப்ப இடிக்கல இல்ல?' என்று கேட்டார். இடிக்கவில்லை. நான் ஸ்கேலே எடுக்கவில்லை.

ஒரு ஓட்டை இருக்கிறது. கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து கட்டத்தைவிட்டு வழிந்தால் இந்த எச்சரிக்கை வராது. 'திருப்பாதிரிப்புலியூர்' என்ற ஒரு சொல் போதும், குறுகிய கட்டத்தை உடைத்துவிடும். அதனால் எழுத்துக்கேற்பக் கட்டம் வளரும் அமைப்பைப் போட்டுவிட்டு, பிறகு மறைக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கேயும் சி.எம்.ஒய்.கே. இல்லை. அணுகல்தன்மையைச் சோதிக்கும் செக்கர் உள்ளேயே இருப்பது கூடுதல் லாபம்.

காசில்லாமல் வேண்டுமென்றால் லிப்ரெஆபீஸ் டிரா. எஃப்4 தட்டினால் இடமும் அளவும் எண்ணாக வரும். பப்ளிஷரில் யாராவது சேரச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் அதை அக்டோபர் 2026-ஓடு நிறுத்துகிறது.

## கேன்வா

வார்ப்புரு எளிது, பொத்தான்கள் பெரிது, தமிழ் எழுத்துரு உண்டு. காது கேளாத என் மாணவர்கள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எந்த மென்பொருளிலும் தடை திரையில் இல்லை. வசனவரி இல்லாத பாட வீடியோக்களில்தான் இருக்கிறது. இணையம் அறுந்தால் வேலை நிற்கும், சி.எம்.ஒய்.கே. வேண்டுமானால் கட்டணத் திட்டம். வாட்ஸ்அப் வாழ்த்துக்கு நல்லது.

## எழுத்தாலேயே வரைவது

பார்வையில்லாதவர்களுக்கு இன்னொரு வழி, இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழிகளான எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். நோட்பேடில் பக்க அளவு, ஓரம், எழுத்தின் பருமன், நிறம் எல்லாவற்றையும் எழுதி, பிரவுசரிலிருந்து பி.டி.எஃப். எடுப்பது. ஒவ்வொரு வரியும் திரைவாசிப்பானுக்குப் புரியும், தமிழ் சுத்தமாக வரும், மென்பொருளுக்குக் காசு இல்லை. படங்களையும் எஸ்.வி.ஜி. வடிவில் எழுத்தாகவே வரையலாம். கற்க நான்கைந்து மாதம் ஆகும். ஆனால் ஒரு முறை எழுதிய அழைப்பிதழில் பெயரையும் தேதியையும் மாற்றினால் அடுத்தது தயார். மொத்தமாக ஒரே மாதிரி வேலை எடுப்பவருக்கு பவர்பாயின்ட்டைவிட இதுதான் வேகம். பார்வையுள்ள ஒருவர் ப்ரூஃப் பார்க்க வேண்டும். எனக்கும்தான் வேண்டும், என் மனைவி பார்க்காமல் ஒரு பத்திரிகையும் என் கடையிலிருந்து அச்சுக்குப் போனதில்லை.

## ஒரே பார்வையில்

| மென்பொருள் | மவுஸ் இல்லாமல் | திரைவாசிப்பான் | பார்வை குறைந்தவருக்கு | அச்சகம் | செலவு |
|---|---|---|---|---|---|
| கோரல்டிரா | மிக நன்று | மெனு மட்டும் | புதிய பதிப்பு என்றால் நன்று | எங்கும் ஏற்பார்கள் | உரிமம், நம்பர் பேடு |
| அடோபி மூன்றும் | விசையை மாற்றியபின் நன்று | மெனு, சில பெட்டிகள் | நன்று | ஏற்பார்கள் | மாதச் சந்தா |
| இங்க்ஸ்கேப் | மிக நன்று | லினக்ஸில் ஓரளவு | நன்று | ஃபிளெக்ஸ், டிஜிட்டல் | இலவசம் |
| பவர்பாயின்ட் | மிக நன்று | பக்கமும் பேசும் | நன்று | டிஜிட்டல் | ஆபீஸ் உரிமம் |
| கேன்வா | ஓரளவு | ஓரளவு | நன்று | கட்டணத் திட்டத்தில் | இணையம் |
| எச்.டி.எம்.எல். | முழுமையாக | முழுமையாக | நன்று | டிஜிட்டல் | கற்கும் காலம் |

## மூவருக்கும் என் பதில்

முதுநகர்த் தம்பிக்குக் கோரல்டிராதான். உள்ளூரில் வேலை கொடுப்பவர்கள் எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது, ஒற்றை எழுத்து விசைகள் அவர் கைக்குப் பொருந்தும். சொந்தமாகக் கடை வைப்பதென்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். நகரத்தில் 25%, ஊரகத்தில் 35% மானியம், சொந்தப் பங்கு 5% போதும். இப்போதும் இதே விதிகள்தானா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். மென்பொருள் உரிமத்தையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள் தம்பி.

நெல்லிக்குப்பம் அண்ணன் மென்பொருளை மாற்ற வேண்டாம், பதிப்பை மாற்ற வேண்டும். இருபது வருடக் கைப்பழக்கத்தைக் கண் மங்கிய நேரத்தில் தூக்கிப் போடக் கூடாது. புதிய பதிப்பு, பெரிய திரை, அடர் பின்னணி. இன்னொன்று: வேலை அவசரத்தில் கண் மருத்துவரிடம் போகும் தேதியை அவர் தள்ளிப்போடக் கூடாது.

தங்கை பவர்பாயின்ட்டில் தொடங்கட்டும். கையில் இரண்டு மூன்று வாடிக்கையாளர் வந்தபின் எச்.டி.எம்.எல். பக்கம் வரட்டும்.

## எந்த மென்பொருளானாலும்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது. திரைவாசிப்பானை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினால் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று கேட்கும். தங்கையிடம் அவர் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையின் பி.டி.எஃப். வந்திருந்தது. முழுக்க இப்படித்தான் படித்தது. மாப்பிள்ளை பெயர் என்ன என்று அவர் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. 2001-இல் கடைசிப் பதிப்பு வந்த, யூனிகோடே தெரியாத பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை இன்னும் சில கடைகள் விடவில்லை.

யூனிகோடில் அடித்தாலும், அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்தைக் கர்வாக மாற்றுகிறோம். கோரலில் கண்ட்ரோல் கியூ. அந்த நொடியில் எழுத்து வெறும் கோடாகிவிடும், திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஒன்றுமிருக்காது. ஆகவே கர்வ் செய்வதற்கு முன் எழுத்தோடு ஒரு பி.டி.எஃப். எடுத்துத் தனியாக வையுங்கள். கர்வ் செய்தது அச்சகத்துக்கு. எழுத்தோடு இருப்பது வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்கு.